தணலில் வேகும் டாம்பர்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்குக் கூடாரத்தோடு கிளம்புகிறவர்கள் ஒரு வேளையாவது டாம்பர் சுட்டுச் சாப்பிட வேண்டும். ஈஸ்ட் கிடையாது, புளிக்க வைக்கும் வேலையும் கிடையாது. மாட்டு மந்தையோடு வாரக்கணக்கில் நடந்தவர்கள் மாவு, உப்பு, தண்ணீர் மூன்றையும் பிசைந்து சாம்பலில் புதைத்துச் சுட்ட ரொட்டி இது. அவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அந்த மண்ணின் பூர்வகுடிகள் புல்விதைகளைக் கல்லில் அரைத்துத் தணலில் அடை சுட்டிருக்கிறார்கள். டாம்பரைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இன்று பெரும்பாலும் கேம்ப் அவனில்தான் சுடுகிறார்கள். கனத்த வார்ப்பிரும்புச் சட்டி, அதே கனத்தில் மூடி. வாங்கும்போது மூடியின் விளிம்பு மேல்நோக்கி எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு இல்லாவிட்டால் மேலே போடும் கங்கு சரிந்து விழும், மூடியைத் திறக்கும்போது சாம்பல் ரொட்டிமேல் கொட்டும்.

நாலு பேருக்கு செல்ஃப் ரைசிங் மாவு 450 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம், தண்ணீரோ பாலோ 270 மில்லி. அந்த மாவு கிடைக்காத ஊரில் மைதாவோடு 6 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்து இரண்டு முறை சலித்தால் போதும். ஆப்பசோடாவை மட்டும் போட்டால் புளிப்பு எதுவும் இல்லாததால் சரியாக உப்பாது, சோப்பு வாடையும் வரும். வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்து, தண்ணீர் ஊற்றிக் கத்தியால் கிளறி, மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தால் இழுவை கூடி ரொட்டி கட்டையாகிவிடும். ஈரம் பட்டவுடனே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடுவதால், பிசைந்த மாவைக் காக்க வைக்கவும் கூடாது. அதனால் தணல் தயாரான பிறகே மாவில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எல்லாம் தணலில்தான் இருக்கிறது. கொழுந்துவிட்டு எரியும் தீயில் சட்டியை வைத்தால் அடி கருகும், நடு பச்சையாக நிற்கும். ரெட் கம், அயர்ன்பார்க், மல்கா போன்ற வைரம் பாய்ந்த விறகு கிடைத்தால் ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். சுடர் அடங்கி, கங்கின்மேல் வெள்ளைச் சாம்பல் படர்வதுதான் பதம். பெரிய நெருப்பிலிருந்து தள்ளி ஒரு தட்டையான இடத்துக்கு மண்வெட்டியால் கங்கை வாரிப் பரப்ப வேண்டும். அடியில் ஒரு பங்கு, மூடிமேல் இரண்டு பங்கு. பிரியாணிக்குத் தம் போட்ட கைக்கு இந்தக் கணக்கு பிடிபடும். அடியில் போடும் கங்கை வளையமாக, சட்டியின் ஓரத்தை ஒட்டிப் போடுங்கள். நட்ட நடுவில் குவிக்க வேண்டாம். சட்டியை முன்கூட்டியே சூடாக்கி, உள்ளே சின்னக் கம்பித்தட்டு வைத்து அதன்மேல் மாவை வைத்தால் அடி தீயாது. மாவின் தலையில் ஆழமாக ஒரு கூட்டல் குறி கீறிவிடுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியைக் கால் சுற்று திருப்புங்கள். காற்று அடிக்கும் பக்கம் கங்கு வேகமாக எரியும் என்பதால் இதைச் செய்யாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் கருகும். இருபது நிமிடம் வரை மூடியைத் தொடாதீர்கள். முப்பது நிமிடத்தில் அடியில் தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெறும்பானைச் சத்தம் வரும். மந்தமாகக் கேட்டால் அடிக்கங்கை எடுத்துவிட்டு, மேல்சூட்டில் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். சூட்டோடு பிய்த்து, வெண்ணெயும் கோல்டன் சிரப் என்கிற சர்க்கரைப் பாகும் விட்டுச் சாப்பிட வேண்டும். மறுநாள் காய்ந்துவிடும், வெட்டித் தணலில் வாட்டினால் அப்போதும் ருசிதான்.

கோடையில் ‘டோட்டல் ஃபயர் பேன்’, அதாவது வெளியில் தீ மூட்ட முழுத் தடை, அறிவித்த நாளில் தீக்குச்சிகூடக் கிழிக்காதீர்கள். பல தேசியப் பூங்காக்களில் விறகு பொறுக்கவும் தடை உண்டு. ஆற்றுக் கல்லை அடுப்புக்கு வைக்க வேண்டாம், உள்ளே ஊறிய நீர் ஆவியாகி வெடிக்கும். கிளம்பும்போது மண்ணைப் போட்டு மூடினால் கங்கு உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். வெறுங்காலோடு மிதிக்கும் குழந்தைக்கு அது தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே வண்டியை எடுங்கள்.