மைத்ரியில் ஒரு குளிர்காலம்

1989 முதல் அண்டார்க்டிகாவில் இயங்கிவரும் இந்திய ஆய்வு நிலையமான மைத்ரியில் ஜெனரேட்டர்களைப் பராமரிக்கும் பணிக்கு விண்ணப்பித்தபோது, குளிரைத் தவிர வேறெதையும் நான் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் முதல் தடை மருத்துவப் பரிசோதனையாக இருந்தது. கோடையின் முடிவில் கப்பல் புறப்பட்டுவிட்டால் மீண்டும் விமானங்கள் வரும்வரை பல மாதங்கள் எவரையும் எளிதில் வெளியேற்ற முடியாது என்பதால், உடற்சோதனையோடு மனநலச் சோதனையும் நடத்தினார்கள். சொத்தைப் பல்லைக்கூட முன்னதாகவே சரிசெய்துகொண்டேன். பிறகு உத்தராகண்டிலுள்ள ஔலியில், இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினரிடம் பனியில் நடக்கவும் கயிற்றைப் பிடித்து ஏறவும் பயின்றோம்.

கேப்டவுனிலிருந்து இல்யூஷின் விமானத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பறந்து, பனிக்கட்டியாலான ஓடுதளத்தில் இறங்கினோம்.

நிலையத்துக்குத் தண்ணீர் தருவது அருகிலுள்ள பிரியதர்ஷினி ஏரி. குளிர்காலத்தில் மேற்பரப்பு கெட்டியாக உறைந்துவிடும். அடியில் நீர் இருக்கும், ஆனால் குழாயில் நீரோட்டம் நின்றால் அதுவும் உறைந்துவிடும். மின்சாரம் நின்றால் வெப்பமும் தண்ணீரும் சேர்ந்தே நின்றுவிடும் என்பதால், ஜெனரேட்டரின் ஓசையில் சிறு மாற்றம் தெரிந்தாலும் தூக்கத்திலிருந்து விழித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நாங்கள் அதிகம் அஞ்சியது குளிருக்கு அல்ல, தீக்கு. காற்று அவ்வளவு வறண்டது. கதவின் கைப்பிடியைத் தொட்டாலே விரல்நுனியில் சுரீரென்று மின்சாரம் பாயும்.

ஒருமுறை பனிப்புயல் சற்றுத் தணிந்திருந்தபோது, வெளிக் கொட்டகையிலிருந்த ஒரு வடிகட்டியை எடுக்கப் பதிவேட்டில் எழுதாமல் தனியாகக் கிளம்பிவிட்டேன். பாதி வழியில் காற்று மறுபடியும் எழுந்தது. நீட்டிய கையே கண்ணுக்குத் தெரியவில்லை. வழிகாட்டக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து, மண்டியிட்டுத்தான் திரும்பினேன். தலைவர் அன்று என்னைத் திட்டவில்லை. இரவு உணவின்போது எல்லோர் முன்னிலையிலும் பதிவேட்டை வைத்து, விதியை என்னையே படிக்கச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மே மாதப் பிற்பகுதியில் மறைந்த சூரியன் மீண்டும் வர ஏறக்குறைய இரண்டு மாதங்களாயின. இருளைவிட, சமையலறை முறைப்பணியில் சாம்பாருக்கு உப்பு யார் போட்டது என்று எழுந்த சச்சரவுகளே எங்களை அதிகம் சோர்வடையச் செய்தன என்று சொன்னால் நம்புவது கடினம். ஜூலைப் பிற்பகுதியில் ஒரு நண்பகல், பாறை முகடு சில நிமிடங்கள் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான் பதிவேட்டில் பெயரெழுதிவிட்டு வெளியே வருவதற்குள் ஒளி பாதி போய்விட்டிருந்தது.