ஜாதக நோட்டைக் கணினியில் ஏற்றுகிறேன்: நாழிகையும் நேர வலயமும்

எங்கள் வளவை (பங்காளிகளின் கூட்டு வீட்டை)ச் சேர்ந்தவர்களின் ஜாதகக் குறிப்புகள் ஒரு தடித்த நோட்டில் இருக்கின்றன. பெரும்பாலோர் காரைக்குடியில் பிறந்தவர்கள். பெண்களை ஊரில் விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் கப்பலேறிய காலம்தான் என்றாலும், குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. அதனால் ரங்கூன், ஈப்போ, சைகோன் பிறப்புகளும் நடுநடுவே வருகின்றன. எல்லாவற்றையும் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, பிறந்த வரிசையில் அடுக்கிக் காட்டும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நடந்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

வருஷப் பெயர்கள் எளிதில் முடிந்தன. 1987 சித்திரையில் பிரபவ தொடங்கியது. ஆண்டிலிருந்து 1987-ஐக் கழித்து 60-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிதான், பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் பட்டியலில் அந்த வருஷத்தின் இடம். 1939-க்குக் கழித்தால் -48 வரும். பைத்தான் மீதியை 12 என்று தரும், அது பிரமாதி. இதே கணக்கை சி மொழியிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ போட்டால் மீதி -48 என்றே நிற்கும், கூடுதலாக 60-ஐச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சித்திரைக்கு முன் பிறந்தவர்களுக்கு முந்தைய வருஷப் பெயர் என்பதற்கு ஒரு வரி. வெறும் ‘விஷு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1881-ஆ, 1941-ஆ என்று நிரலுக்குத் தெரியாது. பெற்றோரின் வயதைப் பார்த்து நானே முடிவு செய்கிறேன்.

நேரம்தான் நின்று வேலை வாங்கியது. பைத்தான் 3.9-இலிருந்து ஸோன்இன்ஃபோ என்ற நேர வலய நூலகம் உடன் வருகிறது. அதற்கு முன் எல்லோரும் பயன்படுத்திய பைட்ஸ் நூலகத்தில் ஒரு பொறி உண்டு: ‘ஆசியா/கொல்கத்தா’வை தேதியும் நேரமும் வைக்கும் டேட்டைம் பொருளுக்குள் நேரடியாகக் கொடுத்தால், 5 மணி 53 நிமிடம் என்று கல்கத்தாவின் பழைய உள்ளூர் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கென்று இருக்கும் லோக்கலைஸ் என்ற செயற்கூறு வழியாகத்தான் போக வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

இந்தியாவுக்கு, யு.டி.சி.க்கு ஐந்தரை மணி முன் என்று எண்ணாகவே எழுதி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். என் அத்தையின் குறிப்பைப் பாருங்கள்: சுபானு வருஷம் ஐப்பசி மாதம், 27-10-1943 புதன்கிழமை, காலை மணி 9½, உதயாதி நாழிகை 6.

நாழிகைக்கு 24 நிமிடம். ஆக, சூரிய உதயத்திலிருந்து 2 மணி 24 நிமிடம். ஐப்பசி நடுவில் காரைக்குடியில் இன்றைய இந்திய நேரப்படி சுமார் 6.06-க்குச் சூரியன் உதிக்கும். கூட்டினால் எட்டரை மணி. நோட்டிலோ ஒன்பதரை. முழுதாக ஒரு மணி நேரம் இடிக்கிறது.

இடிப்பதற்குக் காரணம் போர். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின, யு.டி.சி.க்கு ஆறரை மணி முன். ஸோன்இன்ஃபோவிடம் அந்தத் தேதிக்கு ஆஃப்செட் (யு.டி.சி.யோடு உள்ள வித்தியாசம்) கேட்டால் 6.30 என்றே சொல்கிறது. போர்க்கால மணிப்படி உதயம் 7.06, அதோடு 2.24 சேர்த்தால் ஒன்பதரை. யு.டி.சி.யில் அதிகாலை 3.00.

இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. நாழிகையை யாரும் தனியாக அளந்திருக்க மாட்டார்கள். கடிகார மணியிலிருந்து ஜோசியர் கணித்ததுதான். அப்படியானால் இது கடிகாரத்துக்குத் தனிச் சாட்சி இல்லை. ஆனாலும் அந்த ஒரு மணியைக் கழிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கழிக்காவிட்டால் எட்டரை நாழிகை என்று எழுதியிருப்பார். ஒரு லக்னமே ஏறக்குறைய ஐந்து நாழிகைதான். அத்தையிடம் இதைச் சொன்னேன். “எண்பது வயதுக்கு மேல் என் ஜாதகத்தைச் சரிபார்த்து யாருக்கப்பா பெண் கேட்கப் போகிறாய்?” என்றார்.

கணினி வழக்கப்படி 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடி எண்ணினால் அத்தை பிறந்த நேரம் -82,62,32,400. விநாடி எண்ணைத் தேதியாக்கும் பைத்தானின் ஃப்ரம்டைம்ஸ்டாம்ப், விண்டோஸில் இத்தகைய எதிர்மறை எண்களை ஏற்காமல் பிழை காட்டியதுண்டு. 1970-இன் தொடக்கத்தோடு டைம்டெல்டாவை (கால இடைவெளியை)க் கூட்டிக்கொண்டால் தொல்லை இல்லை.

ஈப்போ குறிப்புகள் இன்னும் வேடிக்கை. மலாயாவில் 1933 முதல் 1941 ஆகஸ்ட் வரை 7 மணி 20 நிமிடம், செப்டம்பரிலிருந்து ஏழரை, ஜப்பானியர் ஆட்சியில் டோக்கியோ நேரமான 9 மணி. ஆஃப்செட்டை அரை மணிக் கணக்கில் வைத்திருந்த என் முதல் அட்டவணையில் அந்த 20 நிமிடத்துக்கு இடமே இல்லை. சென்னை மாகாணத்தில் 1906-க்கு முன் பிறந்த பாட்டனார்களுக்கோ 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. விநாடி வரை ஆஃப்செட்டை பைத்தான் 3.7-இலிருந்துதான் ஏற்கிறது.

அட்டவணையை மாற்றிவிட்டேன். நான் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் தேதிக்கென்று தனி வகை கிடையாது, எழுத்தாகவே வைக்கிறேன். நோட்டில் உள்ளது உள்ளபடியே ஒரு பத்தியில்; ஊர் ஒரு பத்தியில்; ஸோன் பெயர் ஒன்றில்; யு.டி.சி. கடைசியில், எப்போது வேண்டுமானாலும் அழித்து மறுபடி கணித்துக்கொள்ளும்படி. 1970-க்கு முந்தைய விவரங்கள் முழு நம்பிக்கைக்குரியவை அல்ல என்று நேர வலயத் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்களே சொல்கிறார்கள். நாளை அவர்கள் ஒரு வரியைத் திருத்தினால் என் யு.டி.சி.யும் மாற வேண்டும், நோட்டின் எழுத்து மாறக் கூடாது.

சைகோன் பிறப்புகள் பாக்கி. அங்கே 1940-களில் மட்டும் நேரம் பலமுறை மாறியிருக்கிறது. நாழிகை எழுதிய குறிப்புகளுக்குச் சைகோனின் உதய நேரத்தை அஸ்ட்ரல் நூலகத்தில் கணித்து ஒப்பிட்டு வருகிறேன். மணி மட்டும் எழுதியவற்றை ‘உறுதியில்லை’ என்ற குறியோடு இப்போதைக்கு ஒதுக்கியிருக்கிறேன்.