ஒரு வண்டி, இரண்டு ஜோடிச் சக்கரங்கள்

மார்ச் 30, ஞாயிறு

மகனின் மலைச் சைக்கிளுக்கு வாங்கிய இரண்டாவது ஜோடிச் சக்கரங்கள் வந்துவிட்டன. கூடத்தில் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் சாய்த்து வைத்திருக்கிறேன். தாழ்வாரத்தில் வைக்கலாமே என்று மனைவி கேட்டாள். அங்கே நடப்பவர்களுக்கு 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும்; வண்டி நிற்பதற்கே அளந்துதான் இடம் கண்டுபிடித்தோம். இன்னொரு வண்டிக்கு சிங்கப்பூர் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பான இந்த வீவக வீட்டில் இடம் கிடையாது என்பதால்தானே இன்னொரு ஜோடிச் சக்கரம் என்ற முடிவுக்கே வந்தோம்.

தேசிய சேவைக்கு, அதாவது ராணுவப் பயிற்சிக்கு, மகன் போனபின் வண்டி சும்மா நிற்கக் கூடாது என்று சொன்னவன் அவன்தான். "நீங்க ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போங்கப்பா, நின்னா வீணாப்போயிடும்" என்றான். ஆனால் செஸ்நட் காட்டுப்பாதைக்கென்று அவன் பார்த்துப் பார்த்து வாங்கிய, பிடிப்புக்காக முண்டு முண்டாக இருக்கும் பட்டன் டயர்களைத் தினமும் கான்கிரீட்டில் தேய்த்துத் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. டயரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது என்றால் ஒவ்வொரு முறையும் உள்ளே துளையடைக்கும் திரவமான சீலண்டைக் கொட்டி, ரிம்மைத் துடைத்து, மறுபடி காற்றடித்து விளிம்பை உட்கார வைக்க வேண்டும். ஒரு மாலைப் பொழுது அதிலேயே போய்விடும். முழுச் சக்கரம் என்றால் இரண்டு அச்சுகளைக் கழற்றி மாட்டுவதோடு வேலை முடிய வேண்டும். முடிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், முடியும் என்று இன்னும் எழுதவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அச்சு அளவுகளை இன்னொரு முறை சரிபார்த்தேன். அகலமும் தடிமனும் மி.மீ. கணக்கில் முன்புறம் 110-க்கு 15, பின்புறம் 148-க்கு 12. இரண்டு ஜோடிகளும் ஒன்றே.

அலுவலக நண்பர் ஒருவர் தம்மிடம் இருந்த பழைய 142 மி.மீ. சக்கரங்களை இலவசமாகவே தருவதாகச் சொல்லியிருந்தார். இருபுறமும் 3 மி.மீ. வளையம் வைத்தால் 148 ஆகிவிடும், கணக்கு சரிதான். ஆனால் அப்படிச் செய்தால் பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கான கேசட் முழுவதும் 3 மி.மீ. உள்ளே தள்ளிப்போகும்; கியர் மாற்றியின் எல்லைத் திருகுகளைக்கூட ஒவ்வொரு முறையும் திருக வேண்டியிருக்கும். 6 மி.மீ. முழுவதையும் பிரேக் தட்டு இருக்கும் ரோட்டர் பக்கமே வைத்தால் கேசட் தன் இடத்தில் நிற்கும், ஆனால் ரோட்டருக்கு அடியில் தனி வளையம் வேண்டும், ரிம்மையும் 3 மி.மீ. நகர்த்தி ஸ்போக்குகளை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். ஒரே ஒரு சக்கரம் மட்டும் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் ஒரு நாள் வேலை. மாற்றி மாற்றிப் போடுகிறவனுக்கு அது தீராத வேலை. நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

அவன் இன்று கடைசியாகச் செஸ்நட் போய்விட்டு வந்தான். வந்ததும் முன்சக்கரத்தைத் தாங்கும், காற்றடைத்த அதிர்வுதாங்கியான ஃபோர்க்கின் காலில் வெள்ளை டேப் ஒட்டி, அதில் எண்களை எழுதினான். அவன் எடை 78 கிலோ. அதற்கு ஃபோர்க்கில் 85 பிஎஸ்ஐ காற்றழுத்தம், முன் டயரில் 22, பின் டயரில் 24. அடுத்த வரியில் என் எடைக்கு ஃபோர்க்கில் 76, என் டயர்களில் 40. கையெழுத்து அழகாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு அழகாக எழுதி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் படகில் போய், அவனைப் பயிற்சித் தீவில் விட்டுவிட்டு வந்தோம். வண்டியைத் தொடவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அவன் சக்கரங்களைக் கழற்றினேன். கழற்றிய உடனே பிரேக் பேட்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் கட்டையைச் செருகிவிட்டேன். ரோட்டர் இல்லாதபோது யாராவது பிடியை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சின்னவளோ அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அழுத்திப் பார்க்காமல் போகமாட்டாள்.

புதிய சக்கரங்களோடு விற்றவர் சேர்த்துக் கொடுத்த ரோட்டர்கள் உதவாது. அவை 160 மி.மீ.; இந்த வண்டியில் பேட்களைத் தாங்கும் காலிப்பர்கள் 180-க்கு ஏற்ற உயரத்தில் நிற்கின்றன. அது மட்டுமல்ல, அந்த ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கிறது, வண்டியில் இருப்பவையோ மெட்டல் பேட்கள். அவனுடையதைப் போலவே அதே மாடலில் 180 ரோட்டர்கள் இரண்டு வாங்கி வந்தேன். கேசட்டும் அப்படித்தான்: என் பாதைக்கு 11–42 தாராளமாகப் போதும், எடையும் குறையும். ஆனால் சங்கிலியின் நீளமும் கியர் மாற்றியின் சாய்வும் அவனுடைய 51 பற்களுக்காக அமைந்தவை. அதனால் எனக்கும் 11–51 தான்.

ஏப்ரல் 10, வியாழன்

முன் பிரேக் உரசுகிறது.

ஏப்ரல் 12, சனி

காலை முழுவதும் ரோட்டர்களோடு கழிந்தது. ஒரே அளவு, ஒரே மாடல், ஒரே அச்சு; இருந்தும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் ஒன்றில் ரோட்டர் உட்காரும் தளமும் இன்னொரு ஹப்பில் உட்காரும் தளமும் மயிரிழை வேறுபடுகின்றன. பேட்டுக்கும் ரோட்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை என்பதால் அந்த மயிரிழையே காதில் கேட்கிறது. காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, பிடியை அழுத்தியபடியே மறுபடி இறுக்கினால் உரசல் நின்றுவிடும் என்பது தெரியும். அடுத்த முறை அவன் சக்கரத்தை மாட்டும்போது அது உரசும் என்பதும் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டியைச் சக்கரத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, இரண்டு சக்கரங்களையும் வண்டிக்கு ஏற்ப ஒருமுறை திருத்திவிடுவதே முறை.

அதற்கு 0.2 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய வளையங்கள் கிடைக்கின்றன. ரோட்டருக்கும் ஹப்புக்கும் நடுவில் வைத்தால் ரோட்டர் வெளிப்பக்கம் நகரும்; உள்ளே இழுக்க இவற்றால் ஆகாது. ஆகவே எந்தச் சக்கரத்தின் ரோட்டர் அதிகம் வெளியே நிற்கிறதோ அதை அளவுகோலாக வைத்துக் காலிப்பரை நிறுத்தி, மற்றதைத்தான் அதன் அருகே கொண்டுவர வேண்டும். முன்புறத்தில் என்னுடையது உள்ளே இருந்தது. ஒரு வளையம் வைத்து, ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக 4 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். முன்புறம் தீர்ந்தது.

பின்புறத்தில் அவனுடையதுதான் உள்ளே இருக்கிறது.

வளையம் கையில் இருக்கிறது, திருப்புளியும் இருக்கிறது. அவன் சக்கரத்தில் அவனைக் கேட்காமல் கை வைக்கத் தோன்றவில்லை. இரவில்தான் கைபேசி அவன் கைக்கு வரும். செய்தி அனுப்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. இலையில் அவன் இடத்திலும் வேப்பம்பூப் பச்சடி வைத்தாள் மனைவி. பதில் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரவு ஒன்பதரைக்குப் பதில் வந்தது. "போடுங்கப்பா, அதையெல்லாம் கேக்கணுமா. கால் முழுக்கக் கொப்புளம். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

வளையத்தை வைத்தேன். பின்புறமும் உரசவில்லை. பத்து மணிக்குமேல் இரண்டு சக்கரங்களையும் மாற்றி மாற்றி மாட்டிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் போட்டாலும் ஓசை இல்லாமல் சுற்றுகிறது. கொப்புளத்துக்கு இரட்டைக் காலுறை போடச் சொல்லி எழுதினேன். அதைப் பார்த்தானா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அலுவலகத்துக்குப் பழைய ரயில் தடத்தில் போகிறேன். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு ரயில் நின்றுபோன தடம். ஹில்வியூவில் ஏறி, புக்கிட் தீமா இரும்புப் பாலத்தைக் கடந்து, குவீன்ஸ்டவுன் வரைக்கும் நிழல். 47 மி.மீ. டயர் இதற்கு மிகவும் பொருத்தம்.

29 அங்குலம் என்று மலைவண்டிக்காரர்கள் சொல்லும் ரிம்மும் சாலை வண்டிகளின் 700சி ரிம்மும் ஒரே 622 மி.மீ. விட்டம் கொண்டவை, அதனால்தான் இந்த மாற்றமே சாத்தியமாகிறது. ஆனால் டயரின் உயரம் வேறு. அவனுடைய 58 மி.மீ. டயரோடு சக்கரத்தின் மொத்த விட்டம் 738 அளவில் வருகிறது, என்னுடையது 716. வண்டி 11 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது, வளைவில் மிதித்துக்கொண்டே திரும்பினால் மிதிகட்டை தரைக்கு அருகே வந்துவிடுகிறது. வேகமானியும் சக்கரச் சுற்றளவை வைத்துத்தான் கணக்கிடுகிறது என்பதால், அவன் சக்கரத்துக்குப் பதிந்த எண்ணை அப்படியே விட்டால் நூற்றுக்கு மூன்று பங்கு கூடுதலாகக் காட்டும். பகிர்பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ. எண்ணை மாற்றவில்லை. என்னை மெதுவாகவே போகவைக்கும், இருக்கட்டும்.

ஏப்ரல் 18, வெள்ளி

விடுமுறை. மழை. எதிலும் மனம் ஒட்டவில்லை.

ஏப்ரல் 19, சனி

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை கியர் மாற்றிக்கு அனுமதி கிடையாது. பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவில் பற்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். உச்சிக்குப் போனபின் மறுபடியும் அதே வேலை. மழையிலும் குளிரிலும் விறைத்த விரல்களோடு செய்தவர்களை நினைத்துக்கொண்டால், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நான் செய்வது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவர்கள் கழற்றிய அதே சக்கரம் அதே வண்டிக்குத்தான் திரும்பியது.

அதுதான் இந்த வாரம் முழுவதும் என்னை அரிக்கிறது. வண்டி, மாட்டியிருக்கும் சக்கரத்துக்குப் பழகிக்கொள்கிறது. அதன் ரோட்டர் தடிமனுக்கேற்பப் பிஸ்டன்கள் தம் இடத்தை அமைத்துக்கொள்கின்றன: என்னுடையது புதியது, 1.8 மி.மீ.; அவனுடையது தேய்ந்து 1.7-க்கு வந்திருக்கிறது, 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். சங்கிலியோ தினமும் என் கேசட்டின் மேல் ஓடி நீள்கிறது; நீண்ட சங்கிலியை அதிகம் தேயாத கேசட்டில் போட்டால் அதன் பற்களைத் தின்றுவிடும். சுவரோரம் நிற்கும் அவன் சக்கரங்களுக்குள் சீலண்ட் கீழே தேங்கி ஒரு பக்கமாகவே உறைகிறது. ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தாலே அவை இந்த வண்டிக்கு அந்நியமாகிப் போகின்றன.

சீலண்டுக்கு வழி எளிது. வால்வின் உட்கருவைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டையை விட்டுப் பார்த்தேன். நுனி மட்டுமே நனைந்தது. இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களுக்குமேல் தாங்குவதில்லை. சக்கரத்துக்கு 60 மி.லி. ஊற்றி நன்றாகச் சுழற்றினேன். இனி காலையில் காப்பி குடிக்கும்போது இரண்டையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவேன்.

ஏப்ரல் 21, திங்கள்

சங்கிலிக்கு முடிவு கண்டாயிற்று. அவன் சக்கரங்களை வாரத்தில் பாதி நாள் நானே ஓட்டினால் தேய்மானம் சமமாகும், ஆனால் டயர்களின் பட்டன்கள் போய்விடும். எதைக் காப்பாற்ற இவ்வளவும் செய்கிறேனோ அதுவே போய்விடும். மாறாக, ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு சங்கிலி என்று வைத்துக்கொண்டேன். கையால் கழற்றக்கூடிய இணைப்புகளில் மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டவையும் உண்டு, ஒருமுறைக்கு மட்டும் என்பவையும் உண்டு. முதல் வகையையே கேட்டு வாங்கினேன். அவனுடைய சங்கிலியைத் துடைத்து, எண்ணெயிட்டு, ஒரு பையில் போட்டு, அவன் சக்கரத்தின் ஸ்போக்கிலேயே கட்டி வைத்துவிட்டேன். சக்கரம் மாறும்போது சங்கிலியும் மாறும். கூடுதலாக இரண்டு நிமிடம்.

ஏப்ரல் 23, புதன்

அவனுடைய கேசட் என்னுடையதைவிடச் சற்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஏழாவது பற்சக்கரத்தில் டிக் டிக் என்று ஓசை. திருகை அரைச் சுற்று திருப்பினால் போகிறது, ஆனால் அந்த அரைச் சுற்றைக்கூட அவனுக்கு வைக்கக் கூடாது. கேசட்டைக் கழற்றி, பின்னால் ஒரு மெல்லிய வளையம் வைத்து, பூட்டு வளையத்தை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இந்த முறை அவனைக் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 24, வியாழன்

"சனிக்கிழமை வண்டி ரெடியா அப்பா?"

ரெடி என்று எழுதினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

அலுவலகத்திலிருந்து வந்ததும் மாற்றத் தொடங்கினேன். என் சக்கரங்கள் வெளியே, பேட்களுக்கு நடுவில் கட்டை, அச்சுகளைத் துடைத்துக் கிரீஸ், அவனுடைய சங்கிலி, அவனுடைய சக்கரங்கள். எந்தத் திருகையும் தொடவில்லை. முன்னும் பின்னும் ஓசையில்லை. பதினொரு பற்சக்கரங்களிலும் சங்கிலி தயங்காமல் ஏறி இறங்குகிறது. முன்பு வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்னால் அவன் அரை மணி நேரம் குனிந்துகொண்டிருப்பான். நாளை அந்த அரை மணி நேரமும் பாதைக்கே. செஸ்நட் தடம் நேற்றைய மழையில் வழுக்கும். வேர்கள் இருக்கும் இடத்தில் பார்த்துப் போகச் சொல்ல வேண்டும்.

வேகமானியில் சுற்றளவு அவனுடையதாகவே இருக்கிறது. டயரில் 22, 24. டேப்பில் எழுதியிருந்தபடி ஃபோர்க்கில் 85 அடித்தேன்.

அடித்த பிறகுதான் கவனித்தேன்: அந்த எண்கள் 78 கிலோவுக்கு உரியவை. நேற்று அவன் அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, சட்டைத் தோள் தொங்கியது. நாலைந்து கிலோ குறைந்திருந்தாலே 85 அதிகம். முன்புறம் விறைப்பாக நிற்கும், வேர்களில் சக்கரம் துள்ளும், டயரிலும் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறக்க வேண்டும். எவ்வளவு எடை குறைந்தது என்று அவன் அம்மாவின் முன்னால் கேட்க முடியாது, பதறிப்போவாள். நாளை காலை கீழே வண்டியில் ஏறி உட்காரச் சொல்லி, ஃபோர்க்கின் ரப்பர் வளையம் எவ்வளவு தூரம் மேலே தள்ளப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே காற்றை விடலாம். பம்பை இப்போதே பையில் வைத்துவிட்டேன்.