ஹிரோஷிமா நினைவு அருங்காட்சியகத்துக்கு டிராமிலேயே போங்கள்

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ரயில் நிலையத்தில் இறங்கியவுடன் டாக்சி தேடுவதைக் கவனித்திருக்கிறேன். தூரம் அதிகமில்லை, டாக்சியில் போனாலும் சீக்கிரம் சேர்ந்துவிடலாம். ஆனால் அருங்காட்சியகம் சொல்லும் கதையில் அந்த ஊரின் டிராமுக்கும் ஓர் இடம் உண்டு என்பதால், முதல்முறை போகிறவர்கள் டிராமில்தான் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலும், டோக்கியோவிலிருந்து நான்கு மணி நேரத்திலும் ஹிரோஷிமா வந்துவிடும். பழைய வழிகாட்டிகள் நிலையத்தின் தெற்கு வாசலுக்கு வெளியே தரைத்தளத்தில் டிராம் நிற்கும் என்று சொல்லும். அதை நம்பி இறங்கிப் போக வேண்டாம். 2025 ஆகஸ்ட் முதல் டிராம் ஒரு மேம்பாலத்தின் வழியாகப் புதிய நிலையக் கட்டடத்தின் மாடிக்கே ஏறி வந்து நிற்கிறது. அங்கே 2 அல்லது 6 என்று எண் போட்ட வண்டியில் ஏறி, கென்பாக்கு டோம்-மாயே என்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும். கால் மணி நேரப் பயணம்தான்.

கட்டணம் ஒருவருக்கு 240 யென். அதை ஏறும்போது அல்ல, இறங்கும்போது கொடுக்க வேண்டும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டணப் பெட்டி தானாக மீதிச் சில்லறை தராது. கையில் ஆயிரம் யென் தாள்தான் இருக்கிறதென்றால், அதே பெட்டியில் உள்ள சில்லறை மாற்றும் துளையில் அதைச் செலுத்தி, விழும் நாணயங்களை எடுத்து, சரியான தொகையை மட்டும் எண்ணிப் போட வேண்டும். இறங்குமிடம் வந்தபிறகு இதைச் செய்யத் தொடங்கினால் பின்னால் வரிசை நின்றுவிடும் என்பதால், வண்டி ஏதாவது சிக்னலில் நிற்கும்போதே மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

இந்த டிராம்கள் 1912 முதல் ஓடுகின்றன. போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போய்விட்டதால், டிராம் நிறுவனம் 1943இல் பெண்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கி, அங்கே படித்த பதின்வயதுச் சிறுமிகளையே நடத்துநர்களாகவும் ஓட்டுநர்களாகவும் வேலைக்கு வைத்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை 8:15க்கு அணுகுண்டு வெடித்தது. மக்கள் வேலைக்குப் போகும் நேரம் அது. நிறுவனத்திடம் இருந்த 123 வண்டிகளில் 108 சேதமடைந்தன. அப்படியிருந்தும் மூன்றே நாளில், ஆகஸ்ட் 9 அன்று, நகரின் மேற்குப் பகுதியில் ஒரு சிறிய தொலைவுக்கு டிராம் மறுபடியும் ஓடியது. உயிர் தப்பிய அந்தச் சிறுமிகளில் சிலர் அப்போதும் வேலைக்கு வந்திருந்தார்கள். வீட்டையும் தோழிகளையும் இழந்த ஒரு சிறுமி, பயணச்சீட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எரிந்து கிடந்த ஊருக்குள் நின்ற காட்சியை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. 1942இல் கட்டப்பட்டு அன்றைய குண்டுவீச்சில் சேதமுற்ற 651, 652 என்ற இரண்டு வண்டிகளும் செப்பனிடப்பட்டு இன்றுவரை ஓடுகின்றன. பெரும்பாலும் காலை நெரிசல் நேரத்தில்தான் அவை வெளியே வரும். கண்ணில் பட்டால், வண்டியின் முகப்பில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

நிறுத்தத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால், இரும்புச் சட்டம் மட்டும் எஞ்சிய குவிமாடத்தோடு, அணுகுண்டுக் குவிமாடம் என்று அழைக்கப்படும் சிதைந்த கட்டடம் எதிரே நிற்கும். யான் லெட்ஸல் என்ற செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1915இல் திறக்கப்பட்ட அந்த வணிகக் கண்காட்சிக் கூடம், 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கேயே படம் எடுத்துவிட்டு எல்லோரும் ஆற்றுப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். கிழக்கே ஒரு தெரு உள்ளே தள்ளி, ஷிமா மருத்துவமனையின் சுவரோரம் ஒரு சிறிய பலகை இருக்கிறது. அந்த இடத்துக்கு நேர் மேலே, ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில்தான் குண்டு வெடித்தது. நோயாளிகள் வந்து போகும் சாதாரணத் தெரு என்பதால் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். நீங்கள் தவறவிடாதீர்கள்.

பிறகு மோட்டோயாசு ஆற்றுப் பாலத்தைக் கடந்து அமைதிப் பூங்காவுக்குள் தெற்கு நோக்கி நடந்தால், 1964 முதல் எரியும் அமைதிச் சுடரும் நினைவு வளைவும் ஒரே நேர்கோட்டில் வரும். அக்கோட்டின் முடிவில் கென்ஸோ டாங்கே வடிவமைத்து 1955இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், தூண்களின் மேல் உயர்த்தி வைத்தாற்போல நிற்கும். நடக்க முடியாத முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள், நிலையத்தின் ஷின்கான்சென் வாசலிலிருந்து புறப்படும் சுற்றுலாப் பேருந்தில் அமைதிப் பூங்கா நிறுத்தத்தில் இறங்கலாம். அது அருங்காட்சியகத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 200 யென். காலை 7:30க்கே திறந்துவிடுகிறார்கள் என்றாலும், முதல் ஒரு மணி நேரம் இணையத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான். கூட்டம் சேருவதற்குமுன் பார்க்க முடியும் என்பதால், அந்த நேரத்துக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. மூன்று சக்கர மிதிவண்டி ஒன்று உள்ளே இருக்கிறது. நான்கு வயதுகூட நிறையாத மகன் குண்டுவீச்சில் இறந்தபோது, அவன் அப்பா அந்த வண்டியையும் அவனோடு வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்துத் தோண்டியெடுத்து அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். துருவேறிய அந்தச் சின்ன இருக்கையின் முன் நிற்கக் கொஞ்ச நேரமாவது வேண்டும். தள்ளுமுள்ளுக்கு நடுவில் அது கிடைக்காது.

இறங்கிய அதே நிறுத்தத்திலிருந்து 2ஆம் எண் வண்டி மேற்கே மியாஜிமா தீவுக்கான படகுத் துறை வரை போகிறது. பயண முகவர்கள் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து அட்டவணை போட்டுத் தருவார்கள். நேரம் போதும் என்பதும் உண்மைதான். ஆனாலும் மியாஜிமாவை மறுநாளுக்குத் தள்ளி வையுங்கள்.