சரியான கடவுச்சொல்லைத் தவறு என்று சொன்ன திரை

கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிறிய கிளினிக்கின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்குள்ள லினக்ஸ் மடிக்கணினியில் வட்டு முழுவதும் லக்ஸ் (LUKS) என்ற லினக்ஸ் முறையில் மறையாக்கம் செய்து, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. பழுதுபார்க்கப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ அனுப்பினால் வழியில் எவரும் அதைப் படித்துவிடக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வருவதற்கு முன்பே மருத்துவர் இதில் உறுதியாக இருந்தார். பூட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பூட்டைத் திறக்கச் சொல்லி முதலில் வந்து நிற்கும் அந்தத் திரையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் பக்கம் தென்னை மட்டையும் பனையோலையும் மின்கம்பியில் வந்து விழும். மின்சாரம் போய்ப் போய் வரும். மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ வலுவிழந்துவிட்டது. அதனால் வரவேற்பில் இருக்கும் அக்கா ஒரே நாளில் பலமுறை அந்தத் திரையைச் சந்திக்கிறார். தட்டும்போது புள்ளிகள் மட்டும்தான் தெரியும். சரியோ தவறோ, எண்டர் அழுத்தியபின் ஏறக்குறைய இரண்டு விநாடி எதுவும் அசையாது. திருடன் வேகமாக ஊகித்துப் பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே வைத்திருக்கும் தாமதம் அது. அதை அவருக்கு நான் விளக்கினேன், திரை விளக்கவில்லை.

சென்ற ஆடியில் ஒரு காலை, டோக்கன் வாங்கியவர்கள் வாசல்வரை நின்றுகொண்டிருக்கும்போது தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நேற்று அடித்த அதே கடவுச்சொல்லைத்தான் அடிக்கிறேன். தவறு என்கிறது. இப்போது எனக்கே என் மேல் சந்தேகமாக இருக்கிறது.” மூன்று முறை மறுத்துவிட்டு, ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, கட்டளை கேட்கும் வெற்றுத் திரையில் கொண்டுபோய் விட்டிருந்தது. ஆண்டுக்கணக்காக ஒரே சொல்லைத் தட்டி வந்த ஒருவரைத் தன் நினைவையே சந்தேகிக்க வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை.

கேப்ஸ்லாக் அணைந்திருந்தது. கடவுச்சொல்லில் எண்கள் இருந்ததால் நம்லாக்கைப் பார்த்தேன். வலப்பக்க எண்விசைகள் தொடக்கத் திரையில் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். கணினி முழுதாக எழுந்தபின்தான் உயிர் பெறும். மேல்வரிசை எண்களைத் தட்டச் சொன்னேன். அதுவும் பலிக்கவில்லை.

பிறகு பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை ஏற்றி, அதன் வழியாக வட்டைத் திறந்து பார்த்தேன். அங்கே கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் கண் படம் ஒன்று உண்டு. அழுத்தினால் தட்டியது தெரியும். அக்கா எப்போதும்போல் தட்டினார். வட்டு உடனே திறந்துகொண்டது. ஆனால் பெட்டியில் @ இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் குறி நின்றது!

காரணம் விசைப்பலகை. அந்த மடிக்கணினி, பிரிட்டனில் செவிலியராக இருக்கும் மருத்துவரின் உறவினர் கொண்டுவந்தது. பிரிட்டன் விசைப்பலகையில் @ குறியும் இரட்டை மேற்கோளும் அமெரிக்க முறைக்கு நேர்மாறாக இடம் மாறியிருக்கும். முதலில் நிறுவியவர் அமெரிக்க முறையில் நிறுவியிருக்கிறார். @ என்று அச்சிட்ட விசையை அழுத்தியபோது மேற்கோள் குறி பதிவாகியிருக்கிறது. தொடக்கத் திரையும் அமெரிக்க முறையிலேயே கேட்டதால் இத்தனை நாள் இரண்டும் பொருந்திப் போயின. பின்னாளில் யாரோ கணினியின் விசைப்பலகை முறையைப் பிரிட்டனுக்கு மாற்றியிருக்கிறார்கள். முந்தைய நாள் வந்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) புதுப்பிப்பு, கணினி எழும்போது முதலில் ஏறும் தொடக்கக் கோப்பைப் புதிதாக உருவாக்கியபோது அந்த மாற்றம் அதற்குள்ளும் போய்விட்டது. அதன்பின் அதே விசை உண்மையிலேயே @ குறியைத் தந்தது, வட்டு மறுத்தது. மறுதொடக்கம் செய்து, @ வரும் இடத்தில் ஷிப்டுடன் 2ஐ அழுத்தச் சொன்னேன். திறந்தது.

தட்டியதைக் காட்டும் வசதியும், எந்த விசைப்பலகை முறை நடப்பில் இருக்கிறது என்ற ஒரு வரியும் அந்தத் திரையில் இருந்திருந்தால் இவ்வளவு பேர் காத்திருக்க வேண்டியதில்லை. இது செய்ய முடியாத காரியம் அல்ல. லினக்ஸில் தொடக்கத் திரையைக் காட்டும் பிளைமவுத் என்ற நிரலின் புதிய பதிப்புகளில் சில தோற்றங்கள் கேப்ஸ்லாக்கையும் விசைப்பலகை முறையையும் காட்டுகின்றன. வட்டைப் பூட்டும் இன்னொரு மென்பொருளான வெராகிரிப்டில் தொடக்கக் கடவுச்சொல்லை அமைக்கும்போதே அமெரிக்க முறைக்கு மாற்றிவிடுகிறார்கள். வட்டைப் பூட்டுபவர்கள் இந்த அக்கறையை விருப்பத்துக்குரியதாக நினைக்கக் கூடாது, கடமையாக நினைக்க வேண்டும்.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினேன். லக்ஸின் இரண்டாம் பதிப்பில் ஒரே வட்டுக்கு 32 சாவி இடங்கள்வரை உண்டு, இடத்துக்கு ஒரு கடவுச்சொல் வைக்கலாம். பழையதைத் தொடாமல் புதிய இடத்தில் ஒரு சொற்றொடரைச் சேர்த்தேன்: தொடர்பில்லாத ஆறு தமிழ்ச் சொற்கள், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில். எண் இல்லை, குறி இல்லை. இந்த எழுத்துகள் இரு நாட்டு விசைப்பலகையிலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நீளம் கூடியதால் வலுவும் குறையவில்லை. அக்கா அதைச் சொல்லிக்கொண்டே தட்டுகிறார்.

மருத்துவர் கேட்டுக்கொண்டபடி, கடவுச்சொல் மறந்தாலும் வட்டைத் திறக்க உதவும் மீட்புச் சாவியும் உருவாக்கினேன். லினக்ஸைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி என்ற நிரல் தரும் அந்தச் சாவி எட்டு எழுத்து வீதம் எட்டுத் தொகுதி. பெரும்பாலான விசைப்பலகைகளில் இடம் மாறாத 16 எழுத்துகளை மட்டுமே தேர்ந்தெடுத்து அமைத்திருக்கிறார்கள். இப்படி யோசித்தவருக்கு என் வணக்கம். அதைத் தாளில் அச்சிட்டு மருத்துவர் வீட்டு அலமாரியில் வைத்தோம். வட்டின் தலைப்பகுதி நகல் வேறொரு பென்டிரைவில் இருக்கிறது. அந்தப் பகுதி கெட்டால் சரியான கடவுச்சொல்லாலும் பயனில்லை.

கணினியில் உள்ள டிபிஎம் (சாவிகளைத் தனக்குள் காத்துவைக்கும்) சில்லே பூட்டைத் திறக்கும்படி செய்யலாமே என்று மருத்துவர் கேட்டார். மடிக்கணினி முழுதாகக் களவு போனால், கேட்காமலேயே வட்டு திறந்துகொள்ளும் என்றேன். வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

பழைய சாவியை இன்னும் நீக்கவில்லை. மருத்துவர் அந்த மீட்புச் சாவியைத் தம் கையாலேயே தொடக்கத் திரையில் ஒருமுறை தட்டித் திறக்கட்டும். பிறகு நீக்குவேன்.