பழைய லெதர் பைக்கு எண்ணெய் வேண்டாம், காற்று போதும்

லெதர் பையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யூடியூபில் தேடினால் வருகிற எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள்: மாதம் ஒரு முறை கண்டிஷனர் (தோலை மென்மையாக வைக்கும் கிரீம்) போடு, போடாவிட்டால் தோல் காய்ந்து வெடித்துவிடும். அவர்கள் ஊருக்கு அது சரி. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்றில் ஈரமே இருக்காது, உதடு வெடிக்கிற மாதிரி பையும் வெடிக்கும். நாம் இருப்பது கோலாலம்பூரில். வருடம் முழுக்கக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிற ஊர். இங்கே அலமாரியில் வைத்த பை காய்ந்து செத்ததை நான் பார்த்ததே இல்லை, பூஞ்சை பிடித்துச் செத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் நிறைய, யாரோ பாசமாக எண்ணெய் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, மேல் தட்டில் பத்திரப்படுத்திய பைகள்.

நான் பழைய பை வாங்கிச் சரிபண்ணுவது தொழிலாக இல்லை. பிடித்ததை வைத்துக்கொள்வேன், சிலதைத் தங்கைக்கும் ஆபீஸ் தோழிகளுக்கும் கொடுப்பேன், மிச்சம் பழைய பொருள் விற்கும் கேரோசல் ஆப்பில் போகும். பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதியில் போடும் பழைய பொருள் சந்தை, ஜப்பானிலிருந்து பழைய சரக்கை மூட்டையாக இறக்கும் பண்டல் கடைகள், பினாங்கில் மாமியார் வீட்டுக்குப் போனால் வெயில் ஏறுமுன் லோரோங் கூலிட் சந்தை, இவ்வளவுதான் என் வட்டாரம். ஜப்பான் சரக்கில் ஒரு நன்மை, உள்ளே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். நம்மூர் அலமாரியிலிருந்து வருவதில் பாச்சை உருண்டை வாடைதான் முதலில் வரவேற்கும்.

எந்தச் சந்தையானாலும் "ஜென்யூன் லெதர் லா, சிஸ்" என்று விற்கிறவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நம் வேலையை நாம் பார்க்க வேண்டும். பையின் ஓரம், வார் மடிகிற இடம், ஜிப்புக்குப் பக்கத்தில் வெட்டு தெரியும் இடம், இங்கே விரலால் தடவிப் பாருங்கள். நிஜத் தோல் என்றால் வெட்டில் நார் நாராகத் தெரியும். செயற்கைத் தோல், அதாவது பி.யு. (பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்) என்றால், கீழே துணி, மேலே மெல்லிய படலம். அந்தப் படலம் ஒரு சின்ன இடத்தில் உரிய ஆரம்பித்திருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பி.யு.வில் நிறைய வகைகள் காற்றில் இருக்கும் ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதைகின்றன. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சிதையும். தீபாவளிக்கு மட்டும் போடலாம் என்று பெட்டியில் வைத்த புது ஷூவின் அடிப்பாகம் கோயில் வாசலில் தூள் தூளாக உதிருமே, பெரும்பாலும் அதே ரசாயனம்தான். கிரீம் தடவி, பசை ஒட்டி அதை நிறுத்த முடியாது. உட்புறப் பை கையில் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெளியே நல்ல மாட்டுத்தோலாக இருந்து உள்ளே மட்டும் பிசுபிசுக்கும் பைகள் உண்டு, அங்கேயும் உள் பூச்சு இதே மாதிரி கரைந்திருக்கும். பவுடர் போட்டால் இரண்டு வாரம் தாங்கும், பிறகு பழையபடி. அந்தப் பையை வாங்கினால் உள்துணியை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றும் பார்ப்பேன். உட்புறம் மெத்தென்று சுவேட் மாதிரித் தோல் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்து அதன் துளைகளைப் பாருங்கள். மூன்று மூன்றாக, சின்ன முக்கோணம் போலத் துளைகள் இருந்தால் அது பன்றித்தோல். எனக்கு அதில் ஒன்றுமில்லை, ஆனால் ஆபீஸில் இருக்கும் மலாய்த் தோழிக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலிலேயே தெரிந்துகொள்வதுதான் மரியாதை. (எங்கள் வீட்டில் வேறு சிக்கல். அம்மா மாட்டுத்தோல் பை எதையும் சாமி அறைப் பக்கம் கொண்டுவர விடமாட்டார்.)

வாங்கி வந்த பிறகு, துடைப்பதற்கு முன், அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். முத்து மாதிரி நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, ஈரத் துணியைத் தாங்கும். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல், அதில் எதை வைத்தாலும் கறை ஆகும், மிகக் குறைவாகத்தான் கை வைக்க வேண்டும். முன்னதற்கு, ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைத்து, வேறு ஈரத் துணியால் நுரையை எடுத்துவிட்டால் போதும். துணி சோப்பு, பேக்கிங் சோடா எல்லாம் வேண்டாம். பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மையில்தான் உயிர் வைத்திருக்கிறது, இவை காரம், தோலை விறைக்க வைத்துவிடும்.

இப்போது பூஞ்சை. இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், பதில் கொஞ்சம் நீளம்.

முதலில், வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு சில நேரம் வெளியே வந்து மேலே வெள்ளைப் படலமாக உறையும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துக் காட்டுங்கள். கொழுப்பு என்றால் உருகிக் காணாமல் போகும். பூஞ்சை என்றால் அப்படியே நிற்கும், போதாக்குறைக்கு மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் அடிக்கும். பூஞ்சைதான் என்று தெரிந்தால் பையை உடனே மற்றப் பைகளிடமிருந்து பிரித்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு பால்கனிக்கோ தாழ்வாரத்துக்கோ கொண்டுபோய்விடுங்கள், வீட்டுக்குள் வைத்துத் தட்டினால் அந்த வித்துகள் நேராக உங்கள் அலமாரிக்குத்தான் போகும். காய்ந்த துணியால் மெதுவாக எடுத்து அந்தத் துணியைக் குப்பையில் போடுங்கள். அப்புறம் மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோடு அதே அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரு முறை துடையுங்கள். ஊற்றக் கூடாது, தேய்க்கவும் கூடாது. ஆல்கஹால் சாயத்தையும் கிளப்பும் என்பதால் மடிப்புக்குள் சின்ன இடத்தில் சோதித்த பிறகே. தையல் ஓரம், ஜிப் துணி, உள் பைகளின் மூலை, வாரின் அடிப்பக்கம், இவற்றை விட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். பிறகு நிழலில், ஃபேன் காற்றில், பையின் வாயைத் திறந்து வைத்து இரண்டு மூன்று நாள். உச்சி வெயிலில் போட்டால் பூஞ்சையோடு நிறமும் போகும்.

பூஞ்சை போன இடத்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அவை போகாது. அது தோலுக்குள் இறங்கிய கறை. போகும் என்று சொல்லி எதையாவது விற்றால் நம்பாதீர்கள்.

சரி, எண்ணெய். என் அம்மாவுக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்து. "தேங்கா எண்ணெ தடவு புள்ள, தோட்டத்துல தாத்தா பூட்ஸுக்கே அதத்தான் தடவுவாரு." தாத்தாவின் பூட்ஸ் தினமும் வெளியே நடந்தது, தினமும் காற்று வாங்கியது, வருடம் ஒன்றில் தேய்ந்தும் போனது. இருபது வருடம் நிற்க வேண்டிய பை அப்படி இல்லை, அம்மா. தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்ட 24 டிகிரியில் உறையும். பையை ஏர்கான் அறையில் வைத்தால் மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாக உறைந்து நிற்கும், வெளியே எடுத்தால் உருகிச் சட்டையில் ஒட்டும். எண்ணெய் ஆவியாகாது, உள்ளேயே இருந்து நிறத்தைக் கறுக்க வைக்கும், நாள்பட்டால் காறல் வாடை வரும், பூஞ்சைக்கும் சாப்பாடாகும். வாசலின் காறாது, ஆனால் அதுவும் ஆவியாகாமல் தோலிலேயே தங்கிவிடும். லெதருக்கென்று விற்கும் கண்டிஷனரையே நான் சுத்தம் செய்த பிறகு மட்டும், பட்டாணி அளவு, முழுப் பைக்கும் சேர்த்துப் போட்டு, சில மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுவேன். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு அந்த டப்பாவைத் திறப்பதில்லை.

ஒரு வகைப் பை மட்டும் இந்த விதிகளுக்கெல்லாம் வெளியே நிற்கும், அதைத்தான் நான் சந்தைகளில் தேடுவதும். பழைய கோச். 1941இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு சின்ன பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம். 1962இல் அங்கே வந்த போனி காஷின் என்ற வடிவமைப்பாளர்தான் அந்தப் பித்தளைத் திருகுப் பூட்டைப் பைகளுக்குக் கொண்டுவந்தார், மேல்கூரை மடங்கும் தன் காரில் இருந்த பூட்டைப் பார்த்து. அந்தக் காலப் பைகள் பலவற்றில் உள்துணியே கிடையாது, தடித்த மாட்டுத்தோல், சாயம் உள்வரை இறங்கியது. இதை ஆள் குளிப்பாட்டுகிற மாதிரி வெதுவெதுப்பான தண்ணீரில் முழுசாக முக்கிக் கழுவலாம். நிஜமாகத்தான். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறுவதைப் பார்க்க ஒரு திருப்தி. கழுவி, துண்டால் ஒற்றி, உள்ளே பழைய துண்டுகளை அடைத்து உருவம் கொடுத்து, ஃபேனுக்கு அடியில் நாள்கணக்கில் காயவிட்டு, லேசாக ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் கண்டிஷனர். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும், அவற்றைத் தனியாகக் கழுவுங்கள். ஆனால் இதைப் பார்த்துவிட்டு கையில் கிடைத்த பையை எல்லாம் வாளியில் போட்டுவிடாதீர்கள். உள்துணி தைத்தது, உள்ளே அட்டை வைத்து விறைப்பாகச் செய்தது, பசையால் ஒட்டியது எல்லாம் தண்ணீரில் ஊறினால் முடிந்தது கதை.

பித்தளைக்கு நம் வீட்டு வழியே போதும், பழுது பார்க்கும்போது கழற்றி எடுத்த வளையம், பூட்டு என்றால் குத்துவிளக்குக்குத் தேய்க்கிற புளியே பளபளப்பாக்கிவிடும். கழற்ற முடியாவிட்டால் புளி வேண்டாம், தோலில் இறங்கும். பிளாஸ்டிக் தாளில் துளை போட்டு பித்தளை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மாட்டிவிட்டு, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் பிராஸ்ஸோ என்ற பித்தளை பாலிஷைத் தொட்டுத் தேய்ப்பேன். தங்க முலாம் பூசியது என்றால் அதுவும் கூடாது, முலாமே கையோடு வந்துவிடும்.

மூலை தேய்ந்ததற்கும் நிறம் போனதற்கும் மெல்லிய உப்புத்தாள், ஃபில்லர், அக்ரிலிக் லெதர் பெயிண்ட் என்று ஒரு பெரிய உலகம் இருக்கிறது. அதில் எனக்கு ஆர்வம் குறைவு. நிறம் பூசிய பை தூரத்தில் புதுசு, பக்கத்தில் பொம்மை. தேய்ந்த மூலை தேய்ந்த மூலையாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. தையல் விட்டிருந்தால் மட்டும் விடமாட்டேன், மெழுகு பூசிய பாலியஸ்டர் நூலில் இரண்டு ஊசி கோர்த்து, பழைய துளைகளிலேயே இரண்டு பக்கமிருந்தும் தைக்க வேண்டும். மெஷினில் கொடுத்தால் புதுத் துளை விழுந்து தோல் கிழியும். கண் எட்டாதவர்கள் அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொடுங்கள், பழைய துளையிலேயே தையுங்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வாடைக்குக் குறுக்கு வழி இல்லை. பாச்சை உருண்டை வாடை என்றால் காற்றோட்டமான இடத்தில் வாரக்கணக்கில் தொங்கவிடுவதுதான். சிகரெட் வாடைக்கு ஒரு காகிதப் பையில் கரித்துண்டுகளோடு மூடி வைக்கலாம். சாம்பிராணி காட்டச் சொன்ன ஒரு அத்தையும் உண்டு. காட்டினால் சிகரெட்டும் சாம்பிராணியும் சேர்ந்து மணக்கும், அவ்வளவுதான்.

வைக்கிற இடம்தான் பாதி வைத்தியம். பிளாஸ்டிக் பை வேண்டாம், பருத்தித் துணிப் பை. பைக்கும் பைக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. அலமாரிக் கதவை வாரத்தில் ஒரு நாளாவது திறந்து வைத்து ஃபேன் போடுங்கள், நவம்பர் மழையில் இன்னும் அடிக்கடி. ஈரம் உறிஞ்சித் தண்ணீராகச் சேர்க்கிற டப்பாக்கள் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கின்றன, அவற்றை அலமாரியின் கீழ்த் தட்டில் மட்டும் வையுங்கள், பைக்குள் ஒருபோதும் வேண்டாம். அதில் சேர்வது வெறும் தண்ணீர் இல்லை, கால்சியம் குளோரைடு கரைசல். கவிழ்ந்து தோலில் பட்டால் அந்த இடம் சுருங்கி மரக்கட்டையாகிவிடும், எதைத் தடவினாலும் திரும்பாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் பாதுகாப்பானது. கேமரா வைக்கிற டிரை கேபினட் வீட்டில் இருந்தால் ஈரப்பதத்தை 50 சதவீதத்தில் வைத்து விலையுயர்ந்த ஒன்றிரண்டு பைகளை அதில் நுழைத்துவிடலாம், லென்ஸ்காரர் சம்மதித்தால்.

இப்போது மேசையில் ஒரு கருஞ்சிவப்புப் பை கிடக்கிறது. வெளியே அருமை, உள்ளே முன்பு சொன்ன பிசுபிசுப்பு. உள்துணியைக் கவனமாகப் பிரித்தெடுத்து, அதையே அளவுக்கு வைத்துப் புதுத் துணி வெட்டிக்கொண்டேன், மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடைகளில் மிச்சத் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. நெருக்கமாக நெய்த பருத்தி எடுங்கள், சாட்டின் ஜிப்பில் மாட்டும். கறுப்பு எடுக்காதீர்கள், பைக்குள் சாவி தேடி நொந்துபோவீர்கள்.