ஸ்லீவ்மோர்: கூரையில்லாத ஊர்
அயர்லாந்தின் ஆகச் சிறிய நிலப்பிரிவு டவுன்லேண்ட். தீவு முழுக்க 60,000-க்கும் மேல். 1824-ல் தொடங்கிய நில அளவை அவற்றின் எல்லைகளை வரைபடத்தில் ஏற்றியது. ஆனால் பல பிரிவுகள் அதைவிட நூற்றாண்டுகள் மூத்தவை.

அவற்றில் என் மனம் திரும்பத் திரும்பப் போவது மேயோ கவுண்டியின் அக்கில் தீவிலுள்ள ஸ்லீவ்மோருக்குத்தான். அங்கே அதே பெயரில் 671 மீட்டர் உயர மலை. தெற்குச் சரிவில், பழைய பாதையோரம் நீள வரிசையாக 80 முதல் 100 கல்வீடுகள். ஒன்றுக்கும் கூரையில்லை. உருளைக்கிழங்கு போட்ட மேட்டுப்பாத்திகளின் வரிகள் புல்லுக்கடியில் இன்னும் தெரிகின்றன, அதைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். 1845-ல் தொடங்கிய பஞ்சமும் நிலவுடைமையாளர்களின் நெருக்கடியும் மக்களைக் கடற்கரைக்குத் தள்ளின. அப்புறமும் விடவில்லை, கோடையில் மாடுகளை ஓட்டிவந்து இதே வீடுகளில் தங்கினார்கள், 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும். அதே சரிவில் சுமார் 5,000 ஆண்டுப் பழைய கல்லறைகளும் இருக்கின்றன.